கூடிப்போன சாரம்

ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்கு ‘மைக்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தவர்களும் காட்டிக் கொடுக்கவில்லை. பெயர் மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டது. ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் அவர் சற்றே உயரமாகத் தெரிவார். இல்லாத இடத்தில், கையிலிருக்கும் பேனாவை உதட்டருகே பிடித்துக்கொண்டு பேசுவார்.

அவர் அண்மையில் காதல்வயப்பட்டிருந்த சொல் ‘சாரம்’.

நிலையத்தின் தமிழ்க் குறிப்பேட்டில் யாரோ ஒருவர் ‘சாரப் புரதம்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கிறவர்கள் ஏறி நிற்க, குழாயும் பலகையும் வைத்துக் கட்டுகிறார்களே, அந்தச் சாரம். செல்லுக்குள் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. தான் எந்த வேலையும் செய்யாது. வேலை செய்கிறவர்களை வரிசையாக நிற்க வைக்கும். மைக் அந்தப் பக்கத்தைக் காரில் போகும்போது படித்தார். பாதி படிப்பதற்குள் விழா மண்டபம் வந்துவிட்டது. இறங்கி மேடையேறி, “வாழ்க்கையின் சாரம் அன்பு, கல்வியின் சாரம் பணிவு, செல்லின் சாரம் இந்தப் புரதம்” என்று ஆரம்பித்தார். கைதட்டல் விழுந்தது. கைதட்டல் விழுந்த கருத்தை அவர் பிறகு சோதித்துப் பார்ப்பதில்லை.

பிழிந்தெடுத்த சாரம் என்றால் கூடக் கூடச் சத்துக் கூட வேண்டும் அல்லவா? கூடும் என்று அறிவித்தார். அறிவித்ததைப் பதாகையில் அச்சடித்து நுழைவாயிலில் தொங்கவிட்டார்: ‘சாரம் பெருகட்டும், செல் செழிக்கட்டும்.’

இந்தப் பதாகைக்கு ஒரே ஒரு எதிரி இருந்தாள். அந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். நிலையத்தில் அவளை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றே கூப்பிட்டார்கள். தராசைப் போட்டு எடை பார்த்தால், தராசுக்கு எடை பார்த்தாயா என்று கேட்கிற ரகம். அவள் விடுப்பு எடுத்தால், “இன்னைக்கு நமக்குச் சந்தேகமே இல்லை” என்று சாப்பாட்டு அறையில் ஒருவர் தவறாமல் சொல்வார். மற்றவர்கள் தவறாமல் சிரிப்பார்கள்.

அவளுடைய செல்களுக்குள் நடப்பது இதுதான். வெளியிலிருந்து ‘வளரு’ என்று ஒரு செய்தி வந்து செல்லின் கதவைத் தட்டுகிறது. அதை உள்ளே கொண்டுபோக மூன்று கைனேஸ்கள். கைனேஸ் என்பது அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் மாதிரி ஒரு நொதி. முதலாமவர் இரண்டாமவர்மேல் பாஸ்பேட் என்கிற முத்திரையைக் குத்துவார். குத்து வாங்கிய பிறகுதான் இரண்டாமவருக்கு விழிப்பு வரும். அவர் எழுந்து மூன்றாமவர்மேல் குத்துவார். மூன்றாமவர் விழித்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மூவரும் செல் என்கிற சந்தைக்கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடி அலையாமல் இருக்க, மூன்று இருக்கை போட்ட ஒரு சாரம். இருக்கையில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தவர்.

செய்தி போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கவும் வழி செய்திருந்தாள். செல்களுக்குள் பச்சையாக ஒளிரும் ஒரு பொருளை வைத்திருந்தாள். மூன்றாமவர் தூங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த ஒளி செல்லின் நடுவே, உட்கருவுக்குள், முட்டையின் மஞ்சள் கரு போல உருண்டு கிடக்கும். அவர் விழித்துவிட்டால் ஒளி கருவை விட்டு வெளியே ஓடிவந்து செல் முழுக்கப் பரவும்; நடுவில் கறுப்பாக ஒரு குழி மட்டும் மிஞ்சும்.

சாரத்தைக் கொஞ்சம் கூட்டினாள். ஒளி பிரமாதமாக வெளியே வந்தது. இன்னும் கூட்டினாள், கொஞ்சம் குறைந்தது. நிறையக் கூட்டினாள், கருவை விட்டு நகரவே இல்லை. வரைபடத்தில் கோடு மலை மாதிரி ஏறி, மறுபக்கம் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

மைக் அந்த வரைபடத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பேனாவை வாயருகே கொண்டுபோய், ஏறுகிற பக்கம் மிக அழகாக இருப்பதாகவும், இறங்குகிற பக்கம் அவ்வளவு தேவையில்லை என்றும் சொன்னார்.

“அதைக் கத்தரிச்சிடும்மா. படம் பாக்கறவங்க மனசு வாடக் கூடாது.”

“இறங்கறதும் உண்மைதாங்க ஐயா.”

“உண்மைக்கு என்ன, எங்க போயிடப் போவுது. வெள்ளிக்கிழமை அறக்கட்டளையிலருந்து அம்மா வராங்க. அவங்க திருப்தியா போனாத்தான் உன் திட்டம் தொடரும். இல்லன்னா இந்த மாசத்தோட உன் மேசையை வேற யாருக்காவது குடுக்க வேண்டியதுதான்.”

மேசை போனால் போகட்டும். செல்களைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். எத்தனையோ முறை செத்து, திரும்ப வளர்த்து, கெஞ்சிக் கொஞ்சி ஆளாக்கிய செல்கள். அதைவிடப் பெரிய தொல்லை, கோடு ஏன் இறங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சாரம் கூடினால் செல்லுக்கு நஞ்சாகிறதா? இல்லை, கை தவறிக் கலக்கிவிட்டாளா? காரணம் தெரியாத உண்மையை வைத்துக்கொண்டு பதாகையோடு சண்டை போட முடியாது.

செவ்வாய்க்கிழமை மாமனாருக்குக் கண்புரை அறுவை. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனபோது, குடும்பம் முழுவதும் வேலையில் மும்முரமாக இருந்தது, வேலைதான் நடக்கவில்லை.

முன்பு இடது கண்ணுக்கு நாத்தனார் ஒருத்திதான் கூட வந்தாள். பரிசோதனைக் கோப்பை எடுத்தாள், அப்பாவை எடுத்தாள், டாக்டர் அறைக்குள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, வீட்டில் வந்து தூங்கியும் எழுந்தாயிற்று. அந்தப் பெயர் அவளுக்கு மட்டும் போனதில் இரண்டு மகன்களுக்கும் உள்ளூர ஒரு புகைச்சல். அதனால் இந்த முறை மூன்று பேரும் தனித்தனியே, “கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விளைவு: மாமனார் இரண்டாம் மாடியில் நாத்தனாரின் பிடியில். பரிசோதனைக் கோப்பு, கணவனின் அண்ணனிடம். அவர் அதே மருத்துவமனையின் மேற்குக் கட்டடத்தில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார். டாக்டர், அவளுடைய கணவனிடம். தரைத்தளத்தில் மனிதரை மடக்கி, அவருடைய சொந்த ஊர் முதல் பிள்ளைகளின் படிப்பு வரை விசாரித்து, நகரவிடாமல் நிறுத்தி வைத்திருந்தான். மூன்று பேரும் தொலைபேசியில் ஒரே வாக்கியத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்: “நான் இங்க ரெடி, நீ அசையாத.”

மாமனார் மட்டும் மெல்லிய குரலில், தான் வேண்டுமானால் கீழே இறங்கிப் போய்விடட்டுமா என்று கேட்டார்.

“நீங்க பேசாம உக்காருங்கப்பா. நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?” என்றாள் நாத்தனார்.

இத்தனை பேர் இருக்கிறோம். சந்தேகம் அந்த வாக்கியத்தை ஒருமுறை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். ஆள் குறையவில்லை. டாக்டர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார், கோப்பு இருக்கிறது. கூட்டிச் சேர்ப்பவர்கள்தான் கூடிப்போய்விட்டார்கள். ஒருத்தி இருந்தபோது மூன்றும் அவளிடமே வந்து சேர்ந்தன. மூன்று பேர் ஆனதும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் காலியிடம் போட்டுக் காத்திருக்கிறார்கள். யாரும் சோம்பேறி இல்லை. யாரும் கெட்டவர் இல்லை.

அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை சிலிர்த்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது தோள் வழியாகக் குலுங்கியது.

“ஏம்மா, என் அப்பாவுக்குக் கண்ணு தெரியல, உனக்குச் சிரிப்பா இருக்கா?”

“அண்ணி, செல்லுக்கு நஞ்சு இல்ல அண்ணி. ஒரு சாரத்துல ஒருத்தர்தான் உக்காந்திருக்கார். பக்கத்து சீட்டு காலி. அடுத்தவர் வேற சாரத்துல உக்காந்து இவருக்காகக் காத்துக்கிட்டிருக்கார்.”

நாத்தனார் தன் அப்பாவைப் பார்த்தாள். இவளுக்கும் ஒரு டாக்டர் தேவைப்படலாம் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

சந்தேகம் அதற்குள் மாமனாரின் கையைப் பிடித்துப் படியிறங்க ஆரம்பித்திருந்தாள். போகிற வழியில் கணவனின் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, கோப்போடு தரைத்தளத்துக்கு ஓடிவரச் சொன்னாள். அவர் தன் இடத்தை விட்டால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களே என்றார். உட்காரட்டும் என்றாள். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததும், சொந்த ஊர்க் கதையிலிருந்து விடுதலை கிடைத்த டாக்டர், இதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் நோயாளியை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அவள் அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்கு ஓடினாள். நுண்ணோக்கி அறையில் அவளுடைய தோழி இருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு நாள் முழுக்க ஒளிரும் செல்களைப் பார்ப்பது அவள் வேலை. அதனால் அவள் பெயர் ‘இருட்டு’. மூச்சிரைக்க எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கதை நல்லா இருக்கு. ஆனா கதைதானே?” என்றாள் இருட்டு.

அதுதான் சரியான கேள்வி. சந்தேகத்துக்கும் அதே சந்தேகம். மாமனார் வீட்டில் நடப்பதெல்லாம் செல்லுக்குள் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இது உண்மையானால், ஒன்று கட்டாயம் நடந்தாக வேண்டும். கூட்டிச் சேர்ப்பவர்கள் மூன்று பேர் என்றால், மூன்று டாக்டர், மூன்று கோப்பு, மூன்று மாமனார் இருந்துவிட்டால் போதும். ஒவ்வொரு வரிசையும் நிரம்பிவிடும். மூன்று மாமனார் என்ற எண்ணத்தை அவள் அவசரமாக ஒதுக்கிவைத்தாள். செல்லில் அது சுலபம். சாரத்தை எவ்வளவு கூட்டினோமோ, அதே அளவுக்குக் கைனேஸ்களையும் கூட்ட வேண்டும். காலி இருக்கைகள் நிரம்ப வேண்டும். சறுக்கிப்போன ஒளி திரும்பி வர வேண்டும். நஞ்சுதான் காரணம் என்றால் வராது.

இரண்டு பேரும் வியாழக்கிழமை மரபணுக்களைச் செல்களுக்குள் ஏற்றினார்கள். முதல் கிண்ணத்தில் சாரம் மட்டும் எக்கச்சக்கம். இரண்டாவதில் சாரமும் எக்கச்சக்கம், கைனேஸும் எக்கச்சக்கம். மூன்றாவதில் சாரத்தைத் தொடவே இல்லை. கைனேஸ் மட்டும் கூட்டியது. கைனேஸ் தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடுகிறதா என்று பார்க்க அது. உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் அலைவார்கள், ஒளி அரைகுறையாக வரும் என்பது அவள் கணக்கு. செல்கள் தயாராக ஒரு நாள் பிடிக்கும். அதாவது முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள நேரமில்லை. வெள்ளிக்கிழமை அறக்கட்டளை அம்மா எப்போது பார்ப்பாரோ அப்போதுதான் அவளும் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை வந்த அம்மாள் குட்டையாக, தோளில் ஒரு நைந்த துணிப்பையோடு, யாரோ வழி தவறி வந்தவர் போல இருந்தார். வரவேற்பு மலர்க்கொத்து ஆள் மாறி, கொஞ்ச நேரம் அவருடைய ஓட்டுநரின் கைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மண்டபத்தில் மைக் தன் மைக்கைப் பிடித்தார். அன்பின் சாரத்தில் புறப்பட்டு, பணிவின் சாரத்தில் வெகுநேரம் தங்கி, செல்லின் சாரத்துக்கு வந்து சேர்ந்தார். இந்தச் சாரத்தை இன்னும் இன்னும் பெருக்குவதே நிலையத்தின் லட்சியம் என்று முடித்து, கைதட்டலுக்காகக் கண்ணை மூடினார்.

அம்மாள் கையைத் தூக்கினார்.

“ஒரு சின்ன விஷயம். சாரம்னு எதைச் சொல்றீங்க? ஏறி நிக்கறதையா, பிழிஞ்சு குடிக்கறதையா?”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மைக் கண்ணைத் திறந்து, இரண்டு பொருளும் ஆழமாகப் பார்த்தால் ஒன்றுதான் என்றார். அம்மாள் தலையாட்டிவிட்டு, செல்லை எங்கே பார்க்கலாம் என்று கேட்டு எழுந்துகொண்டார். உரையில் இன்னும் இரண்டு பகுதி பாக்கி இருந்தது.

நுண்ணோக்கி அறை ஐந்து பேர் நின்றால் மூச்சு முட்டும் அளவு. இருட்டு திரைக்கு முன்னால். சந்தேகம் கையில் மூன்று கிண்ணங்களோடு. மைக் வாசலை அடைத்துக்கொண்டு. சந்தேகம் அந்த அம்மாளுக்கு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். கோடு இறங்குவதையும் சொன்னாள். மைக்கின் கை பேனாவைத் தேடியது.

“சரி, போடுங்க பாப்போம்” என்றார் அம்மாள்.

கிண்ணத்தை வைக்கப் போன சந்தேகத்தின் கை நின்றுவிட்டது. எது எந்தக் கிண்ணம் என்று தனக்குத் தெரியும். தெரிந்தால் கண் அதைத்தான் பார்க்கும். ஒளி வராத இடத்திலும் வந்த மாதிரி தெரியும். இந்தச் செல்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உடம்பெல்லாம் தவிக்கிறது; தவிக்கிற கண்ணை நம்பக் கூடாது.

“அம்மா, நீங்களே இதைக் கலைச்சிடுங்க. எது எதுன்னு எனக்கும் தெரிய வேணாம். பாத்துட்டு நான் சொல்றேன்.”

மைக் அவளுடைய காதோரம் குனிந்து, அவர் குரலுக்குக் கிசுகிசு என்ற ஒன்று இல்லாததால் எல்லோருக்கும் கேட்கும்படி, “தப்பாச் சொன்னா மேசை போயிடும்மா” என்றார்.

“போகட்டும் ஐயா.”

அம்மாளுக்கு முதன்முறையாக முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார், இயக்குநர் உட்பட. கிண்ணத்தின் எழுத்துகளைக் காகித நாடாவால் மறைத்து, நாடாமேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்தார்: மீன், நிலா, குடை. நிலாவும் குடையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அவர் ஓவியர் இல்லை.

முதலில் மீன். திரையில் பச்சை மணிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு மணி. சந்தேகம் ‘வளரு’ என்கிற செய்தியை ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தார்கள். மணிகள் அசையவில்லை. இன்னும் காத்திருந்தார்கள். கல் மாதிரி கிடந்தன.

“சாரம் மட்டும் கூடினது” என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது.

அடுத்து நிலா. சொட்டு விழுந்தது. மணிகள் அப்படியே இருந்தன. இருட்டு கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காததுபோல் இருந்தாள். வாசலிலிருந்து, மண்டபத்தில் எல்லோரும் காத்திருப்பதாக மைக்கின் குரல் நினைவூட்டியது. யாரும் திரும்பவில்லை. இரண்டு கிண்ணமும் கல்லாகக் கிடந்தால் காரணம் நஞ்சுதான். மருத்துவமனையில் சிரித்ததெல்லாம் வீண்.

“அந்த ஓரத்துல பாரு” என்றாள் இருட்டு, மெதுவாக.

ஓரத்தில் ஒரு செல். அதன் மணி விளிம்பில் கலங்கினாற்போல் இருந்தது. கண் கூசுகிறதோ என்று அவள் இமைத்தாள். இல்லை. ஒளி கருவின் ஓரத்திலிருந்து கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் செல்லிலும் கசிந்தது. அதற்குப் பக்கத்தில். பிறகு யாரோ திரை முழுவதையும் ஊதிவிட்டதுபோல, மணிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து வெளியே வழிந்தன. செல்கள் முழுக்கப் பச்சை. நடுவில் கறுப்புக் குழிகள்.

“ஐயய்ய, நடுவுல எல்லாம் அணைஞ்சு போச்சே” என்றார் மைக், உண்மையான வருத்தத்தோடு. “யாராவது அதைச் சரி பண்ணுங்க.”

“அணையலைங்க, வெளியில வந்திருக்கு” என்றார் அம்மாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். அவருடைய துணிப்பை எப்போது தரையில் விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“ரெண்டும் கூடினது” என்றாள் சந்தேகம். இந்த முறை குரல் பிசிறவில்லை. சற்று அதிகமாகவே சத்தமாக வந்தது. குடையை வைத்தார்கள். ஒளி பாதி வெளியே வந்து, பாதி உள்ளே தயங்கி நின்றது. “கைனேஸ் மட்டும்” என்றாள்.

அம்மாள் கிண்ணங்களின் நாடாவை ஒவ்வொன்றாக உரித்தார். மீன். நிலா. குடை. மூன்றும் சரி. இருட்டு நாற்காலியிலிருந்து எழுந்து சந்தேகத்தைக் கட்டிப்பிடித்ததில் திரை ஆடியது. சந்தேகத்துக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓட இடமில்லாததால் நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தாள்.

மைக் சுதாரித்துக்கொண்டார். பேனா வாயருகே போனது. எதுவும் அளவோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் தான் ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தி வந்ததாகவும், அளவு என்பதே வாழ்க்கையின் சாரம் என்றும் பேச ஆரம்பித்தார். அதற்குள் அம்மாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“இங்க பாரும்மா. செல்லுக்கு எத்தனை சாரம் போதும்னு யார் சொல்றா? கூடிப்போச்சுன்னா அதுவே எடுத்துப் போட்டுடுமா?”

சந்தேகம் யோசித்தாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

“தெரியலைம்மா.”

“கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆகும்?”

“மூணு.”

அம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். “நாலுன்னு போட்டுக்குங்க சார். நல்லா வேலை செய்றவங்க எப்பவும் குறைச்சுத்தான் சொல்வாங்க. செல்லுங்களை யாரும் தொடக் கூடாது.”

இயக்குநர் அதை வரவேற்றுச் சில வார்த்தைகள் சொல்ல விரும்பினார். அறையில் இருந்த மூன்று பெண்களும் அதற்குள் திரைப்பக்கம் தலையைக் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்த கிண்ணத்தில் சாரத்தைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று அம்மாள் கேட்டார். ஒளி சீக்கிரம் வரும் என்றாள் இருட்டு. வராது, ஆனால் நிறைய வரும் என்றாள் சந்தேகம். இரண்டும் தப்பு என்று அம்மாள் சொல்ல, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.